கவனத்தில் எடுத்துக்கொண்டோம்

சஞ்சயன் வேலை செய்த அலுவலகத்துக்கு மாவட்டத்தில் திறக்காத கதவு கிடையாது. திறந்து உள்ளே போய்ப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வெளியே வரலாம். அவ்வளவுதான்.

பிராங்பேர்ட்டிலிருந்து வடக்கே போகும் எஸ்-பான் ரயில் களைத்துப்போய் நிற்கிற கடைசி நிலையத்துக்குப் பக்கத்தில், மாவட்டக் கணக்காய்வு அலுவலகம் இருந்தது. மாவட்ட நிர்வாகம் கட்டுகிற பாலம், வாங்குகிற தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற கூரை, சங்கங்களுக்கு இலவசமாகக் கொடுக்கிற அறை எல்லாம் சொன்ன நோக்கத்துக்குத்தான் பயன்படுகின்றனவா என்று போய்ப் பார்ப்பது அதன் கடமை. அந்த அலுவலகத்துக்கு யாரும் கட்டளையிட முடியாது, மாவட்டத் தலைவரால்கூட முடியாது. அதுவும் யாருக்கும் கட்டளையிட முடியாது, வாசலில் நிற்கிற காவலாளிக்குக்கூட முடியாது. பார்க்கும், எழுதும். எழுதியதைச் சம்பந்தப்பட்ட பகுதியினர் வாசித்துவிட்டு, 'கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' என்று ஒரு வரி பதில் அனுப்புவார்கள்.

ஆற்றுக்கு மேலே ஒரு சைக்கிள் பாலம் கட்டியிருந்தார்கள். அழகான பாலம். மறுகரையில் அது ஒரு கமக்காரனின் பீட்ரூட் தோட்டத்துக்குள் போய் இறங்கியது. அதற்கப்பால் பாதை இல்லை. கணக்காய்வு அலுவலகம் ஒவ்வொரு வருடமும் இதை எழுதியது. ஒவ்வொரு வருடமும் கவனத்தில் எடுத்துக்கொண்டார்கள். பீட்ரூட்டும் ஒவ்வொரு வருடமும் நன்றாகவே விளைந்தது.

இதையெல்லாம் சஞ்சயன் பலமுறை தமிழில் விளக்கிச் சொல்லியிருக்கிறான். கேட்க ஆளில்லை. தமிழ்ச் சனத்தைப் பொறுத்தவரை அவன் மாவட்டத் தலைவரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற அதிகாரி. அப்படி ஒரு பெயரை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவர் தபோதரன் அண்ணை.

தபோதரன் தமிழ்ப் பண்பாட்டு ஒன்றியத்தின் தலைவர். அவர் பதவியைத் தேடிப் போனவர் அல்லர். பதவிதான் அவரிடம் வந்து, திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றுவிட்டது. தொழில், மணவறை வாடகைக்கு விடுவது. சிங்கக் கால் வைத்த கதிரைகள், ஆளுயரக் குத்துவிளக்குகள், முத்துக் குடை, ஜரிகைத் திரை எல்லாம் அவருடைய கராஜில் அடுக்கியிருக்கும். கலியாணம் இல்லாத சனிக்கிழமைகளில் அவற்றைச் சும்மா கிடக்க விடுவது அவருக்குப் பெரிய மனவருத்தம். ஆகவே ஒன்றியம் வருடம் முழுக்க யாரையாவது பாராட்டிக்கொண்டே இருந்தது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவரைக்கூடப் பாராட்டிய வரலாறு உண்டு.

"பாத்திட்டு எழுதுவம், அவ்வளவுதான் அண்ணை," என்று சஞ்சயன் ஒருமுறை அவரிடம் சொன்னான்.

"எழுதினாப் பிறகு?"

"அவை வாசிச்சிட்டு, கவனத்தில எடுத்தம் எண்டு எழுதுவினம்."

"அதுக்குப் பிறகு?"

"அடுத்த வருசம் திரும்பப் போய்ப் பார்ப்பம்."

தபோதரன் அவன் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன். உண்மையான அதிகாரம் உள்ளவன் இப்பிடித்தான் கதைப்பான். வெளியில விட மாட்டான்."

ஒன்றியத்துக்கு மாவட்டம் ஓர் அறை கொடுத்திருந்தது. பழைய விவசாயப் பள்ளியின் கீழ்த்தளத்தில், ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆப்பிள் மரமும் உள்ளே சிறு சமையலிடமும் உள்ள அறை. வாடகை இல்லை. ஒரேயொரு நிபந்தனை: சனிக்கிழமைதோறும் பிற்பகலில் வெளிநாட்டவரும் ஜெர்மன்காரரும் சேர்ந்து உட்கார்ந்து ஜெர்மன் பேசிப் பழக வேண்டும். தபோதரனுக்கு இந்த நிபந்தனை ஞாபகமிருந்ததாகத் தெரியவில்லை. அதை நிறைவேற்றிக்கொண்டிருந்தது சஞ்சயனின் மனைவி லவினியா.

இரண்டு ஓய்வுபெற்ற ஜெர்மன் ரீச்சர்மார், ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள், தேநீர், வடை. பெண்களில் பேர்பெச்சுவா அக்கா மூத்தவர். மன்னாரிலிருந்து வந்தவர். முப்பது வருடமாக விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைத் துடைக்கிறவர். யாருமில்லாத விமானத்தோடு பேச ஜெர்மன் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்பட்டது. வயிற்றில் ஒரு கட்டி. வைத்தியரிடம் போகும்போதெல்லாம் மகள் கூட வந்து மொழிபெயர்த்தாள்.

"டொக்டர் ஒரு நிமிசம் கதைக்கிறார். மகள் எனக்கு ஒரு வசனம் சொல்லுறாள்," என்று பேர்பெச்சுவா லவினியாவிடம் சொல்லியிருந்தார். "மிச்சம் எங்க போகுது? அதை நானே கேக்கோணும் பிள்ளை. பயமெண்டாலும் என்ர காதால கேக்கோணும்."

ஆகவே சனிக்கிழமைகளில் ஒரு ரீச்சர் வைத்தியராக நடித்தார். பேர்பெச்சுவா அவரிடம், "மறைக்காமல் சொல்லுங்கள்" என்று ஜெர்மனில் சொல்லிப் பழகினார். முதலில் அழுகை வந்தது. பிறகு வசனம் வந்தது.

வசந்த காலத்தில் கணக்காய்வு அலுவலகத்தின் வருடத் திட்டம் வந்தது. இம்முறை, இலவசமாகக் கொடுத்த அறைகளைப் பார்ப்பது. சஞ்சயனின் மேசைக்கு வந்த கோப்புகளில் விவசாயப் பள்ளியும் இருந்தது. அவன் நேர்மையான ஆள். கோப்பைத் திறக்காமலேயே தலைமை அதிகாரி ஹெர் ஓஸ்டர்மானிடம் கொண்டுபோய், "இது என் மனைவி நடத்துகிற இடம்" என்றான்.

"மிகச் சரி," என்றார் ஓஸ்டர்மான். ஒழுங்கு மீறப்படாத ஒவ்வொரு தருணமும் அவருக்குச் சிறு பிறந்தநாள். "கோப்பை உங்கள் சக அதிகாரி ஃபிராவ் வென்ட்லான்டிடம் கொடுங்கள். இந்தக் கணத்திலிருந்து உங்களுக்கு இதைப் பற்றி ஒன்றுமே தெரியாது."

"தெரியாது," என்றான் சஞ்சயன்.

"வீட்டிலும் தெரியாது."

"வீட்டிலும் தெரியாது."

தெரியாமல் இருப்பதும் உத்தியோகக் கடமைதான். ஆனால் அலுவலகக் காரை யார் எப்போது எடுக்கிறார்கள் என்ற அட்டவணை எல்லாருடைய கணினியிலும் திறக்கும். இரண்டு கிழமை கழித்து, தனக்கு ஒரு கார் பதிவு செய்யப் போனபோது அவன் கண்ணில் பட்டது: வென்ட்லான்ட், வருகிற சனிக்கிழமை பிற்பகல், விவசாயப் பள்ளி. முன்னறிவித்தல் இல்லாத சோதனை. அவன் திரையை மூடினான். நல்ல செய்தி என்று நினைத்தான். போய்ப் பார்க்கட்டும். ரீச்சர்மார் இருப்பார்கள், பேர்பெச்சுவா அக்கா இருப்பார். இதைவிட நோக்கம் நிறைவேறுகிற அறை இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது?

அன்று மாலை தபோதரன் சஞ்சயனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உங்களுக்குப் பதவி உயர்வாம். எங்களுக்குச் சொல்லவே இல்லை."

"சின்னதொண்டு அண்ணை. ஒரு படி."

"படியெண்டாலும் ஏறினது ஏறினதுதானே. வாற சனிக்கிழமை உங்களுக்குப் பாராட்டு விழா. எங்கட அறையிலதான். பின்னேரம் மூண்டு மணி."

"ஐயோ, வேண்டாம் அண்ணை."

"இதுதான் பண்பு," என்றார் தபோதரன், பக்கத்தில் நின்ற யாரிடமோ. "கேட்டனீயே? வேண்டாமாம்."

"இல்லை அண்ணை, உண்மையாவே வேண்டாம். சனிக்கிழமை அங்க லவினியாவின்ர வகுப்பு இருக்கு."

"அதை அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போட்டாச்சு. அவவுக்கும் சொல்லியாச்சு. வெள்ளைக்கார ரீச்சர்மாருக்கும் அண்டைக்கு ஓய்வெண்டு சொல்லச் சொல்லிட்டன்."

தமிழர்களிடையே பாராட்டை மறுப்பது பாராட்டின் முதல் நிகழ்ச்சி. உடனே ஒப்புக்கொள்பவன் அற்பன். இரண்டு தரமாவது மறுக்க வேண்டும். எவ்வளவு உறுதியாக மறுக்கிறானோ அவ்வளவு பெரிய மனிதன். இந்த வழக்கம் சஞ்சயனுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே அதற்குள் சிக்கினான். செவ்வாய்க்கிழமை அவன் நேரில் போய் வேண்டாம் என்றபோது, பொன்னாடையோடு ஒரு மாலையும் சேர்ந்தது. வியாழக்கிழமை கிட்டத்தட்டக் கெஞ்சினான். 'கணக்காய்வுச் செம்மல்' என்ற பட்டம் சேர்ந்தது. நான்காவது தடவை மறுத்தால் யானை வரும் என்று பயந்து நிறுத்திக்கொண்டான்.

ஏன் வேண்டாம் என்பதை மட்டும் சொல்ல ஏலாது. ஒரு வசனம் போதும், எல்லாம் சரிவரும். அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் அவன் வேலை போகும். வேலை போவதைவிட, ஓஸ்டர்மானின் முகத்தில் அந்தப் பிறந்தநாள் அணைவதை அவனால் நினைக்க முடியவில்லை.

"நீங்கள் ஒரு சொல் சொன்னால் அந்தாள் நிப்பாட்டும்," என்றாள் லவினியா, சட்டியைக் கழுவிக்கொண்டே.

"சொன்னன். மூண்டு தரம்."

"எப்பிடிச் சொன்னனீங்கள்? வேண்டாம் அண்ணை, வேண்டாம் அண்ணை எண்டு பெண் பார்க்க வந்தவைக்கு முன்னால வெக்கப்படுற மாதிரி. பேர்பெச்சுவா அக்காவுக்கு அடுத்த புதன் டொக்டரைப் பாக்கிற டெர்மின். இந்தச் சனி விட்டால் அவவுக்குப் பழக வேற நாள் இல்லை."

"லவினி, நீர் அவையை வீட்டுக்குக் கூப்பிடுமன்."

"ஏன் வீட்டுக்கு? அறை இருக்கேக்க ஏன் வீட்டுக்கு?" அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "உங்களுக்கும் ஆசைதான். அதைச் சொல்லுங்கோவன். சிங்கக் கதிரையில இருக்கோணும்."

சஞ்சயன் வாயைத் திறந்தான். வீட்டிலும் தெரியாது என்று வாக்குக் கொடுத்திருந்தான். மூடினான். அவள் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரவு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சுகமில்லாமல் போவது. நாயகன் இல்லாவிட்டால் விழா ஏது? சனி காலை தபோதரனுக்குக் குரலைக் கரகரக்க வைத்து, காய்ச்சல் என்றான்.

"படுத்திருங்கோ தம்பி. ஒண்டும் யோசிக்காதேங்கோ," என்றார் தபோதரன் அன்பாக.

சஞ்சயன் லவினியாவிடம் ஓடினான். "விழா இல்லையாம். நீர் ரீச்சர்மாரைக் கூப்பிடும், கெதியா!"

லவினியா அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். இருந்தாலும் கூப்பிட்டாள். ஒரு ரீச்சர் பேரனைப் பார்க்க டிரெஸ்டனுக்குப் போய்விட்டார். மற்றவர் போனை எடுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, பேர்பெச்சுவாவையாவது வைத்துப் பழக்கலாம் என்று அவள் புறப்பட்டாள்.

மூன்று மணிக்குச் சற்றுப் பிறகு சஞ்சயனின் கைப்பேசி ஒலித்தது. வட்ஸ்அப் வீடியோ. தபோதரன்.

திரையில் முதலில் ஜரிகைத் திரை தெரிந்தது. பிறகு இரண்டு குத்துவிளக்குகள், எரிந்தபடி. நடுவில் சிங்கக் கால் கதிரை. கதிரையில் ஆளில்லை, ஒரு பெரிய படம் இருந்தது. மாவட்ட இணையத்தளத்திலிருந்து எடுத்துப் பெருப்பித்த சஞ்சயனின் முகம், கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் வானுலகத்துத் தன்மையோடு. படத்தைச் சுற்றி ரோசாப்பூ மாலை.

"அண்ணை! என்ன இது?"

"நீங்கள் வர ஏலாட்டி விழா நிக்குமே? மண்டபம் சோடிச்சாச்சு, சனம் வந்திட்டுது. படத்தை வைச்சு நடத்துறம். நீங்கள் போனில பாருங்கோ."

பின்னாலிருந்து பேர்பெச்சுவாவின் குரல் கேட்டது. "நான் அப்பவே சொன்னனான். உயிரோட இருக்கிற பிள்ளையின்ர படத்துக்கு மாலை போடக் கூடாது."

"அக்கா, கழுத்தில போடேல்லை. பிரேமிலதானே போட்டிருக்கு," என்றார் தபோதரன். "எத்தினை தரம் சொல்லுறது. ஒல்லாந்தில இருந்து வந்த பூ. வேற எங்க போட?"

"உம்மட கழுத்தில போடும்!" யாரோ சிரித்தார்கள்.

கைப்பேசி அறையைச் சுற்றியது. கதிரைகளில் சேலைகளும் வேட்டிகளும். சமையலிடத்து வாசலில் லவினியா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய சொல் அட்டைகள் இருந்த பெட்டி குத்துவிளக்கின் எண்ணெய்ப் போத்தலுக்குக் கீழே கிடந்தது. பிறகு கதவு திறந்தது. சஞ்சயன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

ஃபிராவ் வென்ட்லான்ட், கையில் கோப்போடு.

அவர் உள்ளே இரண்டடி வைத்தார். விளக்குகளைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மாலைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். நேற்று மதியம் அந்த முகத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டவர் அவர். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெல்லத் தலையைக் குனிந்தார். அப்படியே நின்றார்.

பெரிய இடத்து மரியாதை என்று நினைத்து, சனத்தில் பலர் எழுந்து நின்றார்கள்.

"பாருங்கோ," என்று தபோதரன் கிசுகிசுத்தார். "உங்கட அலுவலகம் ஆளனுப்பியிருக்கு. ஒரு வெள்ளைக்காரி தமிழனுக்குத் தலை குனியிறாள்."

"அண்ணை, போனை அங்கால கொடுங்கோ. அவவிட்டக் கொடுங்கோ!"

தபோதரன் கைப்பேசியை உயர்த்தி வென்ட்லான்டின் முகத்துக்கு நேரே பிடித்தார். வென்ட்லான்ட் கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே, கோடுபோட்ட இரவுடுப்பில், மரித்தவர்.

"வணக்கம், ஃபிராவ் வென்ட்லான்ட்," என்றான் சஞ்சயன் ஜெர்மனில். வேறென்ன சொல்வது?

வென்ட்லான்ட் அலறவில்லை, அரச ஊழியர். முகத்திலிருந்து துக்கம் கீழே இறங்க, அந்த இடத்தில் உத்தியோகம் ஏறியதைச் சஞ்சயன் திரையில் தெளிவாகப் பார்த்தான். அவர் விளக்குகளை மறுபடி பார்த்தார், இம்முறை வேறு கண்ணால். "இங்கே இப்போது ஜெர்மன் உரையாடல் நடக்க வேண்டும் அல்லவா?" என்று கேட்டார்.

"ஆமாம், ஆமாம்!" என்றார் தபோதரன் ஜெர்மனில், கேள்வி விளங்காமல். இன்னொரு கையால் சைகை காட்டினார். யாரோ ஓடி வந்து வென்ட்லான்டுக்குப் பன்னீர் தெளித்தார்கள். யாரோ பொட்டு வைத்தார்கள். நாயகனுக்கு வாங்கிய பொன்னாடை, நாயகன் இல்லாத குறை தீர, அவர் தோளில் விழுந்தது. கைதட்டல்.

லவினியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மன்னியுங்கள், இன்று மட்டும்தான் இப்படி. மற்ற எல்லாச் சனிக்கிழமையும்..." பேர்பெச்சுவா அவளுக்குப் பின்னால் வந்து, உதவி செய்யும் அவசரத்தில், தனக்குச் சரளமாக வந்த ஒரே ஜெர்மன் வசனத்தைச் சொன்னார்: "மறைக்காமல் சொல்லுங்கள்!"

வென்ட்லான்ட் தலையசைத்து, அதையும் எழுதிக்கொண்டார். அந்தக் கணத்தில் தபோதரனின் கைப்பேசியில் பற்றரி தீர்ந்தது. சஞ்சயன் இருண்ட திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாலை ஒன்றுதான் குறை.

திங்கட்கிழமை பொன்னாடை அலுவலக அலுமாரியில் இருந்தது. அரச ஊழியர் பரிசு வாங்கக் கூடாது என்பதால் வென்ட்லான்ட் அதை ஒப்படைத்து, இலக்கம் ஒட்டியிருந்தார். நடைபாதையில் சஞ்சயனைக் கண்டதும் நின்றார்.

"நீங்கள் உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி," என்றார். உண்மையாகவே சொன்னார்.

"ஃபிராவ் வென்ட்லான்ட், மற்றச் சனிக்கிழமைகளில்..."

"மற்றச் சனிக்கிழமைகளில் நான் அங்கே இருக்கவில்லை." குரலைத் தாழ்த்தினார். "மறைக்காமல் சொல்லச் சொன்ன அந்த அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் பார்த்ததைத்தான் எழுதலாம். பார்க்காத நல்லதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. நீங்களும் இதைப் பற்றி என்னோடு பேசக் கூடாது."

"தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது," என்றான் சஞ்சயன்.

அறிக்கை போனது: அறை குறித்த நோக்கத்துக்குப் பயன்படவில்லை, கணக்காய்வு அலுவலக ஊழியர் ஒருவரைக் கௌரவிக்கும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. சஞ்சயன் பெரிதாகக் கவலைப்படவில்லை. பீட்ரூட் பாலத்தை நினைத்துக்கொண்டான். கவனத்தில் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் திரும்பப் பார்ப்பார்கள். அதற்குள் லவினியா எல்லாவற்றையும் சரியாக்கி விடுவாள்.

அந்த அலுவலகத்தின் வரலாற்றில் முதன்முறையாக, மாவட்ட நிர்வாகத்தின் ஒரு பகுதி உடனே கீழ்ப்படிந்தது. மறுகிழமையே விவசாயப் பள்ளியின் பூட்டை மாற்றினார்கள். ஓஸ்டர்மான் தேநீர் இடைவேளையில் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். "நாம் எழுதினோம், அவர்கள் செய்தார்கள்," என்றார். யாரோ கேக் வாங்கி வந்தார்கள். சஞ்சயனுக்கும் ஒரு துண்டு வைத்தார்கள். எதற்கு என்று அவனுக்குத் தெரியக் கூடாது, ஆகவே சாப்பிட்டான்.

லவினியா மாவட்டத்துக்குக் கடிதம் எழுதினாள். பழைய சனிக்கிழமைகளின் படங்கள் வைத்தாள், ரீச்சர்மார் கையெழுத்து வைத்தாள். பதில் ஒரு வரி. கவனத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தபோதரன் மட்டும் மனம் தளரவில்லை.

"அறை போனது துக்கம்தான். ஆனா பாத்தியளே தம்பி, எவ்வளவு அதிகாரம்! ஒரு எழுத்து எழுதினியள், பூட்டையே மாத்திப்போட்டாங்கள். அதிகாரம் இல்லை எண்டு எனக்குக் கதை விட்டனீங்கள்."

"நான் எழுதேல்லை அண்ணை."

"சரி, சரி. இப்ப இன்னொரு எழுத்து எழுதித் திருப்பித் திறந்து விடுங்கோ."

"ஏலாது அண்ணை."

"இதுதான் பண்பு," என்றார் தபோதரன்.

விழாவுக்கு அடுத்த புதன்கிழமை பேர்பெச்சுவா மகளோடுதான் வைத்தியரிடம் போயிருந்தார். வைத்தியர் நீண்ட நேரம் பேசினாராம். மகள், "ஒண்டுமில்லையாம் அம்மா" என்று சொன்னாளாம். அறை போன பிறகு சில கிழமை பெண்கள் ரயில் நிலையத்துப் பேக்கரியில் நின்றபடி பழகினார்கள். பேக்கரிக்காரி முகத்தைச் சுளித்ததும் அதுவும் நின்றது.

அடுத்த வசந்தத்தில் புதிய வருடத் திட்டம் வந்தது. இம்முறை, மாவட்டத்தின் கட்டடங்களில் வீணாகக் கிடக்கிற இடங்களைப் பார்ப்பது. விவசாயப் பள்ளிக் கோப்பை ஓஸ்டர்மான் தானே கொண்டுவந்து சஞ்சயனின் மேசையில் வைத்தார். "உங்கள் மனைவிக்கு இப்போது அந்த இடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. எனவே தடையில்லை. நீங்களே போகலாம்."

சஞ்சயன் போனான். புதிய சாவி இலேசாகத் திரும்பியது. அறையில் கதிரைகள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம் பூத்திருந்தது. தரையில், குத்துவிளக்கு நின்ற இடத்தில், இரண்டு எண்ணெய் வட்டங்கள் துடைத்தும் போகாமல் இருந்தன. சுவரில் ஒட்டுநாடாவோடு ஒரு துண்டு ஜரிகை. அவன் நடுவில் நின்று, கோப்பைத் திறந்து, தான் பார்த்ததை எழுதினான்: அறை பாவனையில் இல்லை. பொதுத் தேவைக்குக் கொடுப்பது நல்லது.

பதில் வர அதிக நாள் எடுக்கவில்லை. கவனத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, லவினியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கோப்பு மூடியாகிவிட்டது, இப்போது சொல்லலாம். கார் அட்டவணை, வாக்குக் கொடுத்தது, காய்ச்சல் நடித்தது, வேண்டாம் என்றது உண்மையாகவே வேண்டாம் என்றுதான் என்பது. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். கத்தி நிற்கவில்லை.

"விளங்குதா லவினி? எனக்கு அப்ப சொல்ல ஏலாமல் போச்சு."

"ஓம்," என்றாள் அவள், வெட்டியதைச் சட்டிக்குள் தள்ளிக்கொண்டே. "கவனத்தில எடுத்திட்டன்."